நாற்பத்தொரு கன்றுகளின் எடை

வெர்லின் டூசெக், மார்லிஸ் ஓபர்குக்கு ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் கடன்பட்டிருந்தார். எந்தத் தாளிலும் எழுதப்படாத கடன். கோர்ட்டில் நிற்காது, வக்கீலிடம் சொன்னால் சிரிப்பான். ஆனாலும் கடன் கடன்தான். அது அவருக்குத் தெரியும். அவர் மனைவி ஆர்டித்துக்குத் தெரியும். நெப்ராஸ்காவின் மணல்குன்றுகளுக்கு நடுவில் மாடு வைத்துப் பிழைக்கிற பாதிப் பேருக்கு அது பிறகு தெரியவந்தது.

ஆள் யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். வெர்லின் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பதினாறு வயதில் அடுத்தவர் புல்வெளியில் கூலிக்கு வைக்கோல் போர் போட்டார். இரண்டு வருஷக் கூலியைப் பணமாக வாங்காமல் ஆறு கறுப்புக் கிடேரிகளாக வாங்கிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆறிலிருந்து நூற்றிருபது தாய்மாடுகள் வந்தன. அத்தனையும் மாட்டினச் சங்கத்தில் பதிவான சுத்த அங்கஸ் இனக் கறிமாடுகள். வருஷா வருஷம் ஏப்ரல் முதல் சனிக்கிழமை அவர் கொட்டகையிலேயே காளை ஏலம் நடக்கும். அறுபது மைல் தள்ளியிருந்தெல்லாம் ஆள் வரும். "எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனது ஒரு தொப்பியும் இந்த மூக்கும்தான். மத்ததெல்லாம் நான் சம்பாதிச்சது" என்பார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

சம்பாதித்ததில் அவருக்கு ரொம்பப் பெருமையானது அவர் கண். மாவட்டத் திருவிழாவில் ஒரு மாட்டை நிறுத்தி எடை ஊகிக்கச் சொல்வார்கள். பதினோரு வருஷம் தொடர்ந்து அவர்தான் ஜெயித்தார். பரிசு ஒரு மடக்குக் கத்தி. பதினோரு கத்திகளும் சமையலறை அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கிடந்தன. ஒன்றைக்கூட அவர் எதையும் வெட்ட எடுத்ததில்லை.

காளை வாங்குகிறவன் காளையின் முதுகையும் காலையும் பார்த்து வாங்கிய காலம் போய், ஏலப் புத்தகத்தில் அச்சிட்ட எண்களைப் பார்த்து வாங்கும் காலம் வந்தபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். வெர்லின் முணுமுணுக்கவில்லை. அந்த மாவட்டத்திலேயே முதன்முதலாக வண்டியில் தராசு கட்டித் தொங்கவிட்டவர் அவர்தான். கன்று விழுந்த அன்றே ஓர் எடை, பால் மறக்கும்போது ஓர் எடை, ஒரு வயதில் ஓர் எடை. ஆர்டித் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சங்கத்துக்கு அனுப்புவாள். அங்கே அப்பன், பாட்டன், கூடப்பிறந்தவை எல்லாவற்றின் எடையையும் சேர்த்துப் பிசைந்து ஒவ்வொரு காளைக்கும் எண்கள் போட்டுத் தருவார்கள். இந்தக் காளையின் கன்றுகள் பிறக்கையில் எவ்வளவு கனக்கும், ஒரு வயதில் எவ்வளவு ஏறும் என்பதற்கான எண்கள். பிறக்கும்போது சிறிதாகவும் வளரும்போது பெரிதாகவும் ஆக்குகிற காளை வேண்டும் என்பதுதான் எல்லார் ஆசையும். பிறவிக் கனம் பெரிய மாட்டை ஒன்றும் செய்யாது. தலையீத்துக் கிடேரியைக் கொன்றுவிடும்.

2009 மார்ச் கடைசியில் பனிப்புயல் வந்தது. ஐந்து நாள். அந்த ஐந்து நாளில்தான் நாற்பத்தொரு மாடுகள் ஈன்றன. முதல் நாள் விடியும்போதே தராசின் கொக்கி உறைந்து முறிந்துவிட்டது. வெர்லின் வண்டியை விட்டு இறங்கி, ஒவ்வொரு கன்றின் காதிலும் எண் குத்தி, பாதிக் கன்றுகளை வண்டித் தரையில் போட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். எடையை மட்டும் நின்று ஒரு பார்வை பார்த்துச் சட்டைப்பை நோட்டில் எழுதினார்.

புயல் ஓய்ந்த மத்தியானம் ஆர்டித் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"தராசுதான் உடைஞ்சிபோச்சே. இது எப்படி எடை வந்துது?"

"கண்ணால போட்டேன்."

"அப்ப இந்த நாப்பத்தொண்ணையும் வெத்தா விட்டுடறேன். வெத்தா விட்டா சங்கத்துல ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"சங்கம் கேக்காது. வாங்க வர்றவன் கேப்பான். புத்தகத்துல கட்டம் காலியா இருந்தா அந்தக் காளையைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். பாதி ஏலம் போச்சு."

"வெர்லின், கன்னுக்குட்டிய கண்ணால எடை போட உனக்கு யாரு கத்தி குடுத்தா?"

"பதினோரு கத்தி குடுத்தாங்க."

"அது ஆயிரத்து இருநூறு பவுண்டு மாட்டுக்குய்யா."

"ஆயிரத்து இருநூறு தெரிஞ்சவனுக்கு எண்பது தெரியாதா? தட்டு."

அவள் தட்டினாள். அதில் 917 என்று மஞ்சள் காதுச்சீட்டு போட்ட ஒரு காளங்கன்றும் இருந்தது. வைக்கோலில் சுருண்டு பாதி பனிக்குள் புதைந்து கிடந்ததை வெர்லின் வண்டி ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். அதை எழுப்பி நிறுத்திப் பார்க்கவில்லை. காது குத்தும்போதும் அது எழவில்லை. எழுபத்தாறு என்று எழுதியிருந்தார்.

அது அருமையாக வளர்ந்தது. பால் மறக்கும்போது எழுநூற்று நாற்பது. ஒரு வயதில் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. இந்த இரண்டும் தராசில் ஏற்றிப் போட்ட எடை, பொய்யில்லை. சின்ன எழுபத்தாறும் பெரிய ஆயிரத்து முந்நூறும் சேர்ந்ததும் சங்கத்து எண் அபாரமாக வந்துவிட்டது. வால் மயிரைப் பிடுங்கி அனுப்பி மரபணுவைச் சோதிக்கிற முறை அப்போதுதான் வந்திருந்தது. ஆர்டித் சொல்லிப் பார்த்தாள். "நான் பாத்த காளைக்கு மயிரைப் பாக்கணுமா?" என்றுவிட்டார்.

ஏலத்தன்று ஆர்டித் வழக்கம்போல் மிளகாய்க் கறியும் பட்டைத்தூள் ரொட்டிச்சுருளும் செய்திருந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மார்லிஸ் பட்டி வேலியோரம் வந்து நின்றாள். ஐம்பது வயது. கணவன் டிராக்டர் கவிழ்ந்து போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. நூற்றெண்பது மாடும் பாங்க் கடனும் அவள் தலையில். மற்றவர்கள் மாதிரி சுற்றி வளைக்காமல் நேரே கேட்டாள்.

"இந்தத் தொள்ளாயிரத்துப் பதினேழை என் கிடேரிங்களுக்கு விடலாமா வெர்லின்? இருபத்திநாலு இருக்கு. எல்லாம் தலையீத்து. எங்காளு உயிரோட இருக்கும்போது பொறுக்கி வச்ச தாய்ங்களோட வம்சம்."

"கண்ண மூடிக்கிட்டு விடு. தூங்கிட்டே ஈனும் உன் கிடேரிங்க."

"புத்தகத்துல இருக்கறத நான் நம்பலாம்ல?"

"புத்தகத்த நம்பாதே. என்னை நம்பு."

காளைகள் சராசரியாக மூவாயிரத்து ஐந்நூறுக்குப் போன ஏலத்தில் அவள் ஏழாயிரத்து ஐந்நூறு வரை கையைத் தூக்கினாள். பக்கத்து நிலத்துக் கேலார்ட், வாயைச் சும்மா வைக்கத் தெரியாதவர், "என்ன மார்லிஸ், காளை வாங்கறியா, மாப்பிள்ளை புடிக்கறியா?" என்றார். "மாப்பிள்ளைக்கு இவ்ளோ குடுக்க மாட்டேன் கேலார்ட். உன்னை மாதிரிதானே வருவான்" என்றாள். கொட்டகையே சிரித்தது. வெர்லினும் சிரித்தார். அவர் வாழ்நாளில் ஒற்றைக் காளைக்கு வாங்கிய உச்ச விலை அது.

மறு மார்ச் முதல் வாரத்தில், காலை பத்து மணிக்கு மார்லிஸின் போன் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். "வாங்க. மாட்டு டாக்டர் எண்பது மைல்ல இருக்கார். வாங்க."

வெர்லின் போனபோது கொட்டகையில் இரண்டு கிடேரிகள் படுத்திருந்தன. ஒன்று செத்திருந்தது. இன்னொன்றின் பின்னால் கன்றின் இரண்டு குளம்புகள் வெளியே தெரிந்தன. வளர்ந்த ஆளின் மணிக்கட்டுத் தடிமனுக்கு இருந்தது கால். சங்கிலியைக் கட்டி இருவரும் இழுத்தார்கள். கிடேரி கத்தும்போது இழுப்பது, அது மூச்சு விடும்போது விடுவது. நாற்பது நிமிஷம். கன்று வந்தது, உயிர் இல்லாமல். கிடேரி எழுந்திருக்கப் பார்த்து, பின்கால் இரண்டும் வராமல் நாய் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

மார்லிஸ் சுவரில் தொங்கிய தராசை எடுத்துவந்தாள். செத்த கன்றைச் சாக்கில் கட்டித் தூக்கினாள். முள் நூற்றொன்பதில் நின்றது.

"காலையில செத்தது நூத்திப் பதினாலு. நேத்து செத்தது நூத்தி ஆறு" என்றாள். "அப்பன் எழுபத்தாறுன்னு எழுதியிருக்கீங்க. அதைத் தராசுல போட்டீங்களா?"

தொண்டையில் ஒரு வார்த்தை வந்தது. வெளியே வேறு வார்த்தை வந்தது.

"போட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். கையில் ரத்தமும் நிணமும் முழங்கை வரை காய்ந்திருந்தது.

"தாய் வழியில ஏதாவது கனம் வந்திருக்கும். உன் கிடேரிங்களுக்கு இடுப்பு சின்னது" என்றார் வெர்லின்.

"ஆமா. எங்காளு பொறுக்கினது. இடுப்பு சின்னதுதான்" என்றாள் மார்லிஸ். தராசைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினாள்.

இருபத்திநாலு கிடேரிகளில் சினைப்பட்டது இருபத்தொன்று. ஒன்பது கன்று செத்தது. நான்கு கிடேரி செத்தது. இரண்டு எழுந்து நடக்கவே இல்லை, அவற்றையும் சுட வேண்டிவந்தது. மீதியில் பாதி அந்த வருஷம் திரும்பச் சினை பிடிக்கவில்லை. மற்றவர்கள் வாங்கிய புயல்வாரக் காளைகள் பெரிய மாடுகளுக்குப் போயிருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மாடு எதையும் ஈன்றுவிடும்.

ஏலப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வெர்லினே போட்ட ஒரு விதி இருந்தது. காளையில் குறை தெரிந்தால் அடுத்த ஏலத்தில் அதே விலைக்கு வேறு காளை. செப்டம்பரில் அதை ஒரு காகிதத்தில் எழுதி மார்லிஸுக்குத் தபாலில் அனுப்பினார். பணமாகக் கொடுத்தால் தப்பு செய்தேன் என்று ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. காகிதம் திரும்பி வந்தது. அடியில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "அடுத்த ஏலத்துக்கு எனக்கு மாடு இருந்தால் வருகிறேன்."

இருக்கவில்லை. நவம்பரில் பாங்க் அவள் மாடுகளை டவுன் சந்தைக்கு ஏற்றியது. வெர்லின் போயிருக்க வேண்டியதில்லை. வீட்டில் உட்கார முடியாமல் போய் மேல்படியில் உட்கார்ந்தார். கடைசியாக 917 விற்பனை வளையத்துக்குள் வந்தது. கறிக்குப் போகிற காளைகளைச் சந்தையில் எடைக்குத்தான் விற்பார்கள். வளையத்தின் அடியிலேயே தராசு, தலைக்கு மேலே பலகையில் சிவப்பு எண் எரியும்.

கேலார்ட் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பலகை எரியறதுக்குள்ள சொல்லு பாப்போம் பதினோரு கத்தி. உன் பிள்ளை எவ்ளோ இருப்பான்?"

வெர்லின் பார்த்தார். "ஆயிரத்து எண்ணூறு. பத்து பவுண்டு முன்ன பின்ன."

பலகை எரிந்தது. 1,545.

கேலார்ட் சிரிக்கவில்லை. அதுதான் வெர்லினை அடித்தது. "எலும்பு தெரியுதேப்பா. அவகிட்ட தீவனத்துக்குப் பணம் எங்க இருந்துது? உனக்குத் தெரியலையா?" என்றார் மெல்ல.

தெரியவில்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய மாட்டை முப்பதடி தூரத்தில் இருந்து பார்த்து, தன் மனதில் இருந்த காளையின் எடையைச் சொல்லியிருந்தார். பவுண்டுக்கு எண்பது சென்ட். ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு டாலருக்குப் போனது. வண்டிக்குப் போய் உட்கார்ந்தார். பனியில் சுருண்டு கிடந்த கன்று கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்றைக்கும் அவர் கன்றைப் பார்க்கவில்லை. எழுத வேண்டிய எண்ணைத்தான் பார்த்தார்.

வீட்டில் ஆர்டித்திடம் சொன்னார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சங்கத்துக்கு எழுதணும். நாப்பத்தொண்ணும் தராசுல போடலைன்னு."

"எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"நீ தராசுல போட்ட எடையைக்கூட எவனும் நம்ப மாட்டான். நாப்பத்தஞ்சு வருஷப் பேரு போயிடும்."

"தெரியும்னு சொன்னேனே."

"ரெண்டு பேரு கையெழுத்தா எழுது" என்றாள் ஆர்டித், குழாயை மூடாமலே. "தட்டினது என் விரலு. மூணு வருஷமா சோறு பிசையறப்பல்லாம் அந்த விரலைத்தான் பாத்துட்டிருக்கேன்."

எழுதினார்கள். சங்கம் அந்த எடைகளை அடித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டது. மகனின் எண் மாறினால் தாயின் எண் மாறும், தாயினது மாறினால் அவள் மகள்களினது மாறும். நல்ல கன்றே ஈன்ற மாடுகளின் எண்கூடச் சரிந்தது. அடுத்த ஏப்ரலில் ஆர்டித் இருநூறு பேருக்குச் சமைத்தாள். முப்பத்திநாலு பேர் வந்தார்கள். அதில் பாதி சாப்பிட வந்தது. பதினாறு காளைகள் கறி விலைக்குக் கொஞ்சம் மேலே போயின, மீதிக்கு ஒரு கையும் தூக்கப்படவில்லை.

அந்த வெயில்காலம் மழையே இல்லை. மணல்குன்றுப் புல் ஜூனிலேயே பழுப்பாகிவிட்டது. வைக்கோல் ஒரு கட்டு முன்னிருந்த விலையைப்போல் மூன்று மடங்கு. பேர் இருந்தவனுக்கு பாங்க் இன்னொரு வருஷம் தாங்கியது. பேர் போனவனுக்குத் தாங்கவில்லை. அக்டோபரில் வெர்லினின் நூற்றிருபது தாய்மாடுகளும், ஆறு கிடேரியின் பேத்திகளும் பேத்தியின் பேத்திகளும், அதே டவுன் சந்தையில் அதே பலகையின் கீழ் எடைக்குப் போயின. அவற்றை யாரும் பேர் சொல்லி விற்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பாங்க் எடுத்ததுபோக மீந்தது பதினோராயிரத்துச் சொச்சம்.

டிசம்பரில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். மார்லிஸ் அங்கேதான் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிலத்தை யாரோ குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். சமையலறைப் பின்கதவைத் தட்டினார். தலைக்கு வலை போட்டு, ஏப்ரனோடு வெளியே வந்தாள்.

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். "நான் தராசுல போடலை மார்லிஸ். அன்னிக்கு உன்கிட்ட பொய் சொன்னேன்."

"சங்கம் அனுப்பின காகிதத்துல படிச்சேன். ஒரு வருஷம் ஆச்சு."

"நேர்ல சொல்லணும்னு."

"சொல்லிட்டீங்க."

சட்டைப்பையிலிருந்து காசோலையை எடுத்து நீட்டினார். அவள் வாங்கினாள், பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"இது வேணாம்."

"பாங்க்ல பணம் இருக்கு. திரும்பாது."

"அதுக்கில்ல. இதுவும் நீங்க எழுதின எண்ணுதானே." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வெர்லினுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "நோட்டா குடுங்க. என் கண் முன்னால எண்ணிக் குடுங்க."

டவுன் பாங்க் இரண்டு தெரு தள்ளி. போய்விட்டு வருவதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. மார்லிஸ் அதே கதவடியில் நின்றாள். வெர்லின் நூறு டாலர் நோட்டுகளை உறையிலிருந்து எடுத்தார். காற்று வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் கையுறை இல்லாத வலதுகையை நீட்டினாள். பாத்திரம் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." ஒவ்வொன்றாக வைத்தார். விரல் விறைத்துப்போய் நாற்பதைத் தாண்டியதும் இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டதா ஒன்றா என்று தெரியவில்லை. "நாப்பத்தொண்ணு... ரெண்டுன்னு நினைக்கறேன்."

"நினைக்க வேணாம்" என்றாள் மார்லிஸ். மொத்தத்தையும் அவர் கையில் திருப்பி வைத்தாள். "முதல்லேர்ந்து."

முதலிலிருந்து எண்ணினார். இந்தத் தடவை ஒவ்வொரு நோட்டையும் கட்டைவிரலால் தேய்த்து, ஒன்றுதான் என்று பார்த்துப் பார்த்து வைத்தார். அந்த நோட்டுகளால் வரப்போகிறது எதுவுமில்லை என்று இருவருக்கும் தெரியும். செத்த கிடேரி எழுந்திருக்கப் போவதில்லை. அவள் கணவன் பொறுக்கிவைத்த வம்சம் எங்கெங்கோ சிதறிக் கறியாகிவிட்டது. அவருடையதும்தான். உள்ளே யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை, கையையும் அசைக்கவில்லை.

"எழுபத்துமூணு" என்றார் வெர்லின். "எழுபத்துநாலு."

கடைசி நோட்டை அவள் விரித்த உள்ளங்கையில் வைத்தார்.

"எழுபத்தஞ்சு."